ஏட்டில் எழுதாத வாத்தியம்



இசைக்கு ஒரு நாளை ஒதுக்கி, ஆண்டுதோறும் ஒருவரைப் பேசவைத்து, அதைக் கேட்கவும் இத்தனை பேர் கூடுவது சின்ன விஷயமில்லை. என்னை அழைத்ததற்கு நன்றி. எனக்குத் தந்த பொருள் இது: முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய ஆலயங்களில் வழிபாட்டின் நடுவே பாடப்பட்ட கன்டாட்டாக்களை இன்றைய கச்சேரி ரசிகர்கள் முன் எப்படிப் பாடுவது? எனக்குத் தெரிந்த பதிலை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மழைக்கு ஒதுங்கியவர்

சில ஆண்டுகளுக்கு முன், கண்டியை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் எங்கள் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. லெந்து காலம் தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. நாங்கள் எடுத்துக்கொண்டது யோஹான் செபாஸ்டியன் பாக்கின் 159ஆம் இலக்கக் கன்டாட்டா. அதன் இரண்டாம் பகுதியில் ஆல்ட்டோ குரல் தனியாக ஒரு பாடலைப் பாடிக்கொண்டு போகும். அதற்கு மேலே சொப்ரானோக்கள் ஒரு பழைய ஞானப்பாட்டை ஒவ்வொரு வரியாக, இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பாடுவார்கள்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தலையில் சாக்கைப் போட்டபடி ஆலய வாசலில் வந்து ஒதுங்கினார். சொப்ரானோக்கள் முதல் வரியை எடுத்ததும் அவரும் எடுத்தார். தமிழில் எடுத்தார். அது பெரிய வெள்ளியன்று அவர் சிறு வயதிலிருந்தே பாடிவரும் 'இரத்தம் காயம் குத்தும்' பாட்டின் மெட்டு.

முதல் வரி முடிந்ததும், வழக்கம்போல் அடுத்த வரிக்குப் போனார். எங்கள் சொப்ரானோக்கள் போகவில்லை. ஏட்டில் அவர்களுக்கு அங்கே மௌனம். ஆல்ட்டோ பாடும் பிள்ளை மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். பெரியவர் பாதி வரியில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். சொப்ரானோக்கள் மறுபடி வந்தபோது தானும் சேர்ந்துகொண்டார். மூன்றாம் வரிக்கு அவர் முந்தவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பாடி முடித்ததும் கேட்டார்: "சேர், தெரிஞ்ச பாட்டுத்தானே? ஏன் நடுவுல நடுவுல நிப்பாட்டுறீங்க? அதுக்குள்ள அந்தப் பிள்ளை என்னமோ சொல்லுதே, அது என்ன?"

அந்தக் கேள்விக்காகத்தான் பாக் அந்தப் பாடலை அப்படி எழுதியிருக்கிறார். ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டு வரி வரியாக நிற்கிறது. நிற்கும் இடத்தில் ஒரு தனி மனம் பேசுகிறது. தன் ஆண்டவர் பாடுபடப் போகும் வழியில், அவமானம் வந்தாலும் தானும் கூடவே வருவேன் என்கிறது அந்த மனம். பாட்டைத் தெரிந்தவருக்கு அந்த இடைவெளி ஒரு காத்திருப்பு. அடுத்த வரி நாக்கு நுனியில் நிற்கும்போதே இந்தத் தனிக் குரல் உள்ளே நுழைந்துவிடுகிறது. பாட்டைத் தெரியாதவருக்கோ தான் எதற்காவது காத்திருக்கிறோம் என்பதே தெரியாது.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். பாக்கின் கன்டாட்டாவில் ஏட்டில் எழுதப்படாத ஒரு வாத்தியம் இருக்கிறது. கேட்பவரின் நினைவே அந்த வாத்தியம். வயலினும் ஓபோவும் குரலும் எவ்வளவு திறமையாக ஒலித்தாலும், அந்த ஒன்று இல்லாத அரங்கில் கன்டாட்டா பாதிதான் ஒலிக்கிறது. அந்த வாத்தியத்தை அரங்குக்குக் கொண்டுவருவது இன்று பாடுகிறவரின் வேலை.

லைப்சிக்கின் ஒரு ஞாயிறு

பாக் 1723இல் லைப்சிக் நகருக்கு வந்து, 1750இல் இறக்கும்வரை அங்கே தூய தோமா பள்ளியின் இசை ஆசிரியராக இருந்தார். நகரத்து முக்கிய ஆலயங்களின் ஞாயிறு இசை அவருடைய பொறுப்பு. முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய கன்டாட்டா எழுதினார். எழுதி, பிரதி எடுத்து, பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஞாயிறு காலையில் பாடவைப்பார். தொலைந்தவை போக, திருச்சபைக்காக எழுதியவற்றில் ஏறத்தாழ 200 நமக்குக் கிடைத்திருக்கின்றன.

ஞாயிறு ஆராதனை காலை ஏழு மணிக்குத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் நடக்கும். அன்றைய நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்ட பிறகு கன்டாட்டா வரும். அதன் நீளம் சுமார் இருபது இருபத்தைந்து நிமிடம். பின்னால் விசுவாச அறிக்கைப் பாட்டு, அதன்பின் ஒரு மணி நேரப் பிரசங்கம். வரிசை மறந்துவிடாமல் இருக்க, 61ஆம் கன்டாட்டாவின் கையெழுத்துப் பிரதி அட்டையின் உட்புறத்தில் பாக் தம் கையாலேயே ஆராதனை ஒழுங்கை எழுதி வைத்திருக்கிறார். இசை மேதையென்று உலகம் கொண்டாடும் ஒருவர், எப்போது எதை வாசிக்க வேண்டும் என்று குறித்துவைத்த அந்தச் சின்னப் பட்டியலைப் படிக்கும்போது, அவர் தம் இசையை ஒரு பெரிய வேலையின் ஒரு பங்காகவே நினைத்தார் என்பது தெரிகிறது.

பெஞ்சுகளில் இருந்தவர்களின் கையில் பாடல் வரிகளை அச்சிட்ட சிறு புத்தகம் இருந்தது. சற்று முன் வாசித்த நற்செய்தி காதில் இருந்தது. கன்டாட்டாவுக்குள் வரும் ஞானப்பாட்டு அவர்கள் நெஞ்சில் இருந்தது. அது எந்த ஞாயிறு என்பதும் தெரியும். 159ஆம் கன்டாட்டா லெந்து காலத்துக்கு முந்திய கடைசி ஞாயிற்றுக்கு உரியது. பெரும்பாலும் 1729ஆம் ஆண்டுக்குரியது. லெந்து தொடங்கிவிட்டால் லைப்சிக் ஆலயங்களில் ஞாயிறுகளில் கன்டாட்டா கிடையாது. பல வாரம் அந்த இசை நிற்கப்போகிறது என்ற நினைவோடு அன்று அதைக் கேட்டிருப்பார்கள். அந்த மௌனமும் இசையின் ஒரு பகுதிதான்.

ஆலயத்திலிருந்து அரங்குக்கு

பாக் இறந்த பின் இவற்றுள் பெரும்பாலானவை ஏடுகளாகவே கிடந்தன. 1829 மார்ச் 11 அன்று, இருபது வயது ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் பெர்லினில் பாக்கின் 'மத்தேயுவின் படி பாடுகள்' இசையைப் பெரிய பாடகர் திரளோடு நடத்தினார். அது ஆலய ஆராதனையாக நடக்கவில்லை, கச்சேரியாக நடந்தது. 1850இல் பாக் சங்கம் ஒன்று உருவாகி, அவருடைய முழு ஆக்கங்களையும் அச்சிடத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இவை பெரிய குழுக்களின் சொத்தாக இருந்தன.

பிறகு கேள்விகள் எழுந்தன. பாக் 1730 ஆகஸ்ட் 23 அன்று நகர சபைக்கு எழுதிய மனுவில் ஒவ்வொரு குரலுக்கும் மூன்று பேர், முடிந்தால் நான்கு பேர் வேண்டும் என்று கேட்கிறார். நூறு குரல் எங்கே, பன்னிரண்டு குரல் எங்கே? 1981இல் ஜோஷுவா ரிஃப்கின் ஒருபடி மேலே போய், பல கன்டாட்டாக்களை ஒரு குரலுக்கு ஒருவர் வீதமே பாடினார்கள் என்று வாதிட்டார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நிக்கோலஸ் ஹார்னன்கூர், குஸ்டாவ் லியோன்ஹார்ட் இருவரும் அக்கால வாத்தியங்களோடும் பையன்களின் குரலோடும் எல்லாத் திருச்சபைக் கன்டாட்டாக்களையும் பதிவுசெய்தார்கள்.

இந்த உழைப்பையெல்லாம் மதிக்கிறேன். நரம்புத் தந்தி, சிறிய குழு, மென்மையான வில் என எல்லாம் ஒலியைத் தெளிவாக்கின. ஆனால் இவை அனைத்தும் மேடையில் இருப்பவர்களைப் பற்றிய கேள்விகள். பெஞ்சில் இருப்பவரைப் பற்றி யோசித்தவர்கள் சிலரே.

ஜான் எலியட் கார்டினர் யோசித்தார். 2000ஆம் ஆண்டு முழுவதும் தம் குழுவோடு ஊர் ஊராக, ஆலயம் ஆலயமாகப் போய், ஒவ்வொரு கன்டாட்டாவையும் திருச்சபை நாட்காட்டியில் அதற்கு உரிய நாளையொட்டிப் பாடினார். சுவிட்சர்லாந்தின் ட்ரோகன் என்ற சிற்றூரில் ருடோல்ஃப் லூட்ஸ் நடத்தும் கச்சேரிகளில் கன்டாட்டாவை ஒருமுறை பாடுகிறார்கள்; பிறகு ஒருவர் எழுந்து அதன் பொருளைப் பற்றித் தம் மனதில் பட்டதைப் பேசுகிறார்; அதன்பின் அதே கன்டாட்டாவை மறுபடி பாடுகிறார்கள். முதல் முறை கேட்டது இரண்டாம் முறைக்கு நினைவாகிறது. ஒரே கச்சேரியில் ஒரு நினைவை விதைத்து, அதை அங்கேயே அறுவடை செய்யும் எளிய வழி.

ஜப்பானில் மசாக்கி சுசூக்கி 1990இல் ஒரு பாக் குழுவைத் தொடங்கினார். 1995 முதல் 2013 வரை கோபே நகரத்துச் சிற்றாலயம் ஒன்றில் திருச்சபைக் கன்டாட்டாக்கள் அனைத்தையும் 55 தட்டுகளில் பதிவுசெய்தார். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில் மட்டுமே உள்ள நாடு அது. ஆசியாவில், வேற்று மதத்தார் நடுவில், இந்த இசைக்கு ஆழ்ந்த ரசிகர்களை உருவாக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கண்டிக்குப் பழகிய கேள்வி

வழிபாட்டுக் கலையை மேடைக்குக் கொண்டுவருவது என்ற கேள்வியோடு கண்டி தினமும் வாழ்கிறது. தலதா மாளிகையில் நாள்தோறும் தேவாவ எனும் வழிபாட்டு வேளைகளில் ஹேவிசி மேளம் ஒலிக்கிறது. அது புனித தந்தத்துக்குச் செய்யும் உபசாரம்; யாரும் கேட்காவிட்டாலும் ஒலிக்கும். அதே நகரத்தில் மாலையில், வாவிக் கரைப் பக்கத்து மண்டபங்களில், சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு மணி நேர நடனக் காட்சி நடக்கிறது. கொஹொம்பா கங்காரியச் சடங்கில் பிறந்த வெஸ் நடனம், மேளம், கடைசியில் தீமிதிப்பு. அந்தக் கலைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பயின்ற பயிற்சி பெரிது, அவர்களுடைய வாழ்வும் அதில் இருக்கிறது. ஆனால் பார்க்க வந்தவருக்கு அந்த ஆட்டம் எந்த நேர்த்திக்காகப் பிறந்தது, எந்த இரவில் ஆடப்படும் என்பது எதுவும் தெரியாது. உடல் மேடைக்கு வந்துவிட்டது, நினைவு வரவில்லை.

பேராதனையில் வேறொன்று நடந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றினார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊரில் கூத்து வட்டக்களரியில் விடிய விடிய நடக்கும். சுற்றிவர மக்கள் இருப்பார்கள். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். கதை எல்லோருக்கும் தெரியும். அதைப் படச்சட்டக மேடைக்குள் சில மணி நேரத்தில் அடக்க வேண்டியிருந்தது. எதைக் குறைப்பது, எதைக் குறைக்கவே கூடாது என்று பேராசிரியரும் சி. மௌனகுரு போன்ற மாணவர்களும் அண்ணாவிமாரோடு சேர்ந்து யோசித்தார்கள். நீளத்தைக் குறைத்தார்கள். ஆட்டத்தையும் தாளக்கட்டையும் பிற்பாட்டையும் காத்தார்கள். மேடையில் ஒருவர் பாட, மற்றவர்கள் அதை ஏந்திப் பாடும் அந்தப் பிற்பாட்டு, களரியில் இருந்த ஊரின் குரல். ஊரை மேடைக்குக் கொண்டுவர முடியாவிட்டாலும் ஊரின் குரலைக் கொண்டுவந்தார்கள்.

கன்டாட்டா பாடுகிறவர்களுக்குப் பேராதனை காட்டிய பாதை இது. கன்டாட்டாவில் ஞானப்பாட்டுத்தான் பிற்பாட்டு.

ஏழு அசைகள்

இனி நம்மிடம் இருக்கும் ஒரு செல்வத்தைப் பற்றி. ஆல்ட்டோவுக்கு மேலே ஒலித்த அந்த மெட்டை ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் ஒரு காதல் பாட்டுக்காக அச்சிட்டார். பின்னர் அது ஆலயத்துக்குள் வந்தது. கவிஞர் பவுல் கெர்ஹார்ட் சிலுவையில் தொங்கும் திருத்தலையைப் பார்த்து எழுதிய பாட்டு 1656இல் அதோடு சேர்ந்தது. பாக் அதைப் பல இடங்களில் எடுத்தாண்டார். 'மத்தேயுவின் படி பாடுகள்' ஆக்கத்தில் மட்டும் ஐந்து முறை.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பாக் லைப்சிக்கில் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், தரங்கம்பாடியில் ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் அதே மெட்டில் தமிழாகிக்கொண்டிருந்தன. பின்னர் வந்த மிஷனரி ஃபப்ரீசியஸ் அந்தப் பணியை வளர்த்தார். அந்தப் பாட்டுகள் தஞ்சாவூர், திருநெல்வேலிச் சபைகளுக்குப் போயின. அங்கிருந்து கப்பலேறி, மன்னார்க் காட்டுப் பாதையில் நடந்து, மலைநாட்டுக்கு வந்த நம் முன்னோரோடு வந்தன. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாக உபதேசிமாரை அனுப்பியது. லயத்து வாசலில் விளக்கு வைத்துப் பாடிய பாட்டுகளில் கீர்த்தனைகளோடு இந்த ஞானப்பாட்டுகளும் இருந்தன.

மழைக்கு ஒதுங்கிய பெரியவருக்கு லைப்சிக் எங்கே என்று தெரியாது. ஆனால் லைப்சிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சில் இருந்த மெட்டு அவர் நெஞ்சிலும் இருந்தது. ஐரோப்பாவின் பெரிய அரங்குகளில் கட்டணம் கட்டி உட்கார்ந்திருக்கும் பலரிடம் இன்று அது இல்லை.

அந்தத் தமிழ்ப் பாட்டின் முதல் அடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மெட்டுக்கு ஏழு அசை வேண்டும். இ, ரத், தம், கா, யம், குத், தும். சரியாக ஏழு. மெட்டு பலமில்லாத ஒரு சுரத்தில் காலெடுத்து, இரண்டாம் சுரத்தில் அழுந்த மிதிக்கிறது. அந்தப் பலமில்லாத இடத்தில் 'இ' என்ற குறில்; மிதிக்கும் இடத்தில் 'ரத்' என்ற ஒற்றடுத்த எழுத்து. மொழிபெயர்த்தவர் தமிழ் எழுத்தின் எடையைக் கையில் நிறுத்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். எல்லா ஞானப்பாட்டும் இப்படி வாய்க்கவில்லை. குறிலை இழுத்து நெடிலாக்கும் இடங்கள் பல உண்டு. வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் தமிழிசை வழியிலேயே பாட்டு இயற்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இரண்டும் நம்முடையவை.

சைவ நண்பரின் ஜன்னல்

நினைவு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? நாங்கள் முதன்முதலில் ஒரு மண்டபத்தில் கன்டாட்டா பாடியபோது விளக்கை அணைத்துவிட்டோம். பாடல் வரிகளை அச்சிட்டுக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் கைதட்டல் கிடைத்தது. முடிந்ததும் என் சைவ நண்பர், நல்ல இசை ரசிகர், சொன்னார்: "குரல்கள் அழகு. ஆனால் வீதியில் நின்று ஜன்னல் வழியே ஒரு கல்யாணத்தைப் பார்த்த மாதிரி இருந்தது." அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது. கதவைத் திறக்காமல் விட்டது நாங்கள்.

அடுத்த முறை 140ஆம் கன்டாட்டாவை எடுத்தோம். 1731இல் எழுதப்பட்டது, உறங்குகிறவர்களை எழுப்பும் பாட்டு. திருச்சபை ஆண்டின் கடைசியில், உயிர்த்தெழுந்த திருநாள் மிக முன்னதாக வரும் ஆண்டுகளில் மட்டும் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கு உரியது. விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருக்கும் பத்துக் கன்னியரின் உவமைதான் அன்றைய நற்செய்தி. ஆத்துமாவை மணமகளாகவும் ஆண்டவரை மணவாளனாகவும் வைத்து, சொப்ரானோவும் பாஸும் பாடும் இரண்டு காதல் பாடல்கள் அதில் உண்டு.

பாடுவதற்கு முன் எழுந்து நின்று ஒன்றே ஒன்று சொன்னேன்: "மார்கழி விடியலில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் திருவெம்பாவை கேட்டவர்கள் அதை நினைத்துக்கொள்ளுங்கள்." உறங்கும் தோழியை எழுப்பும் பெண்கள், இருட்டு, குளிர், வரப்போகும் தலைவன். மாணிக்கவாசகரையும் ஆண்டாளையும் அறிந்த காதுக்கு அந்தக் காதல் பாடல்கள் அந்நியமாக இருக்க முடியாது. என் நண்பர் அன்று கைதட்டவில்லை. கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எல்லா மதமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நற்செய்தி நற்செய்திதான், திருவெம்பாவை திருவெம்பாவைதான். ஒருவர் தம்மிடம் உள்ள ஆழமான நினைவைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவரின் வழிபாட்டை அணுகலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

உறுத்தும் வரிகள்

ஒரு கடினமான விஷயத்தையும் மறைக்கக்கூடாது. கன்டாட்டாக்களில் உறுத்தும் சொற்கள் உண்டு. 126ஆம் கன்டாட்டா லூத்தரின் ஒரு பாட்டோடு தொடங்குகிறது; அது போப்பாண்டவரையும் துருக்கியரையும் சேர்த்து எதிரிகள் என்கிறது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இந்த நகரத்தில் அதை எப்படிப் பாடுவது? புரியாத மொழிதானே என்று பாடிவிட்டுப் போவது நேர்மையாகாது. சொல்லை மட்டும் மாற்றிவிட்டுப் பாக் எழுதியதே இதுதான் என்று காட்டுவதும் நேர்மையாகாது. பாடுவதானால் வரிகளை மொழிபெயர்த்து அச்சிட்டுக் கொடுத்து, அது எந்தப் போரின் பயத்தில் பிறந்தது என்று எழுந்து நின்று சொல்லிவிட்டுப் பாட வேண்டும். அந்தத் துணிவு இல்லாத நாளில் அதைத் தொட வேண்டாம். நம் நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு, சொல்லின் காயத்தை இசையின் அழகால் மூட நமக்கு உரிமையில்லை.

செய்யக்கூடியவை

பாடகர் குழுக்களுக்குச் சில வேண்டுகோள்கள். கன்டாட்டாவின் ஞானப்பாட்டை முதலில் சபையோர் அனைவரோடும் சேர்ந்து பாடுங்கள். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில், யாருக்கு எது வருமோ அதில். அன்றைய வேதப் பகுதியை வாசியுங்கள். தனிப் பாடல்களை ஜெர்மன் மொழியிலேயே பாடலாம். அந்த ஓசைக்காகத்தான் பாக் சுரம் வைத்தார். ஆனால் தமிழ் வரிகள் கேட்பவர் கையில் இருக்கட்டும், விளக்கும் எரியட்டும். முடிந்தால் இரண்டு முறை பாடுங்கள். நாட்காட்டியைப் பாருங்கள், லெந்துக்கு உரியதை டிசம்பரில் பாட வேண்டாம்.

பழைய வாத்தியங்கள் இல்லையே என்று ஏங்க வேண்டாம். நம் ஈரக் காற்றில் நரம்புத் தந்தி சுருதியில் நிற்பது கஷ்டம். நான்கு வயலின், ஒரு செல்லோ, ஒரு ஓபோ, ஒரு சிறிய ஓர்கன், பன்னிரண்டு குரல் போதும். குரல்களில் பாக்கே அதற்கு மேல் அதிகம் கேட்கவில்லை.

இடத்துக்கும் கண்டியில் குறைவில்லை. திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தைக் கஸ்டர் பாதிரியார் கண்டிய அரசவை மண்டபத்தின் பாணியில், செதுக்கிய கல் தூண்களோடு பக்கங்களைத் திறந்துவிட்டு வடிவமைத்தார். அங்கே டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்களில் விவிலியக் காட்சிகள் நம் நாட்டு முகங்களோடு நிற்கின்றன. திறந்த கட்டடத்தில் ஓசை சீக்கிரம் கரைந்துவிடும், மழையும் பறவையும் உள்ளே கேட்கும். கேட்கட்டும். எங்களுக்குப் பாடம் சொன்னவர் திறந்த வாசலில் நின்றுதான் சொன்னார்.

உரையை முடிக்கிறேன். எங்கள் குழு இப்போது எழுந்து நிற்கிறது. நீங்கள் வரும்போது உங்கள் கையில் தந்த தாளில் அந்த ஞானப்பாட்டு இருக்கிறது. முதலில் அதை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை பாடுவோம். தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பின்பற்றுங்கள். பிறகு குழு 159ஆம் கன்டாட்டாவின் இரண்டாம் பகுதியைப் பாடும். சொப்ரானோக்களோடு நீங்களும் மெதுவாகச் சேர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். அடுத்த வரி உங்கள் நாக்கில் காத்திருக்கும்போது, அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.